மகளின் கைப்பையில் எதை வைத்து அனுப்புவது?

கேள்வி: ஐயா, எனக்கு 53 வயது; சிங்கப்பூர் ஈசூனில் குடும்பத்துடன் வசிக்கிறேன். எங்கள் ஒரே மகள் (வயது 24) வரும் ஆகஸ்டு மாதம் ஈராண்டு முதுநிலைப் படிப்புக்காக ஹூஸ்டனுக்குச் செல்கிறாள். மாணவர் விசா கைக்கு வந்துவிட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழும் என் தம்பி, “டெக்சஸில் லைசென்ஸ்கூடத் தேவையில்லை அண்ணே, அவள் வந்து இறங்கியதும் நானே ஒரு சின்ன பிஸ்டல் வாங்கித் தருகிறேன்” என்கிறான். தேசிய சேவையில் துப்பாக்கி பிடித்தவன் என்பதால் எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஆனால் என் மனைவி அதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. பெப்பர் ஸ்பிரே, ஸ்டன் கன், டேசர், அலாரம் என்று இணையத்தில் பலவற்றைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறோம். துப்பாக்கிக்குப் பதிலாக அவளிடம் எதைக் கொடுக்கலாம்? அதை இங்கேயே வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா? விடுமுறைக்கு வரும்போது கையோடு கொண்டுவரலாமா?
— ஈசூன் வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

சிங்கப்பூர்க் காவல்துறையில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போது பாதுகாவலர்களுக்கும், சமூக மன்றங்களில் பெண்களுக்கும் தற்காப்புப் பயிற்சி அளித்து வருகிறேன். பணியில் இருந்த காலத்தில் ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் டாரஸ் ரிவால்வர் என் இடுப்பில் இருந்தது. அதை ஒரு மனிதரை நோக்கிச் சுட வேண்டிய நிலை எனக்கு ஒருமுறையும் வரவில்லை. ஆகவே துப்பாக்கியைக் கண்டு மிரள்பவனாகவோ அதன்மேல் மயக்கம் கொண்டவனாகவோ இதை எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: துப்பாக்கி கூடுமா, அதற்குப் பதிலாக எது, அதை இங்கே வாங்கவோ கொண்டுவரவோ முடியுமா. அவற்றுள் முதலாவதற்கு, உங்கள் தம்பி எண்ணிப் பார்த்திராத ஒரு காரணத்தால், விடை ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

உங்கள் மகள் செல்வது மாணவர் விசாவில். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அது குடியேற்றம் சாராத விசா. அத்தகைய விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற ஒரு சிலருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. உங்கள் தம்பி சொல்வது டெக்சஸ் மாநிலச் சட்டம். 21 வயது நிரம்பிய, வேறு தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று அந்த மாநிலம் 2021 செப்டம்பர் 1 முதல் அனுமதித்திருப்பது உண்மைதான். “வேறு தடை எதுவும் இல்லாத” என்ற அந்தச் சொற்களில்தான் உங்கள் மகள் சிக்கிக்கொள்கிறாள். கூட்டரசு விதித்த தடையை மாநிலச் சட்டம் நீக்கிவிடாது. வைத்திருக்கும் அவள் மட்டுமன்றி, அவளுடைய நிலையை அறிந்தும் வாங்கிக் கொடுக்கும் சித்தப்பாவும் குற்றவாளியாவார். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு இரு குற்றங்களுக்கும் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. அன்பினால் தரும் பரிசு இரண்டு குடும்பங்களை நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும் என்பதை அவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இதைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. “வாங்கித் தரவில்லை என்றால் போகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்கு அழைத்துப்போய்ச் சுட்டுக் காட்டுகிறேன்” என்பது சித்தப்பாக்களின் அடுத்த யோசனையாக இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்கச் சென்ற ஒரு மாணவர், தேர்ச்சி குறைந்ததால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, மாணவர் தகுதியை இழந்த பின்பும் அங்கேயே தங்கியிருந்து, சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். அதற்காக அவர்மீது தொடரப்பட்ட வழக்கு 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தம்முடைய தகுதி போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருமுன் அவர் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. உங்கள் மகள் மாணவர் விசாவில் இருக்கும்வரை சுடுதளம் வேண்டாம். கையில் துப்பாக்கி ஏந்திய படம் வேண்டாம். வார இறுதியில் சித்தப்பா வீட்டில் தங்கினால், அவருடைய துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், அந்தப் பெட்டியின் எண் அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். தேசிய சேவையில் நீங்கள் பழகியது தோளில் அணைத்து, மேற்பார்வையாளர் கட்டளையிட்ட பின், அசையாத இலக்கை நோக்கிச் சுடும் நீண்ட துப்பாக்கி. இருட்டில், பதற்றத்தில், ஒரு கையில் புத்தகப் பையோடு கைத்துப்பாக்கியை உருவுவது முற்றிலும் வேறு வித்தை. மாதந்தோறும் பழகாத கையில் அது தங்காது. வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பதன் ஆபத்து வெளியிலிருந்து வரும் திருடனோடு முடிவதும் இல்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்து, தேர்வு நெருக்கடியில், தனி அறையில் இருக்கப்போகும் ஓர் இளம்பெண்ணின் மேசை இழுப்பறையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது பெற்றோர் இந்த எண்ணையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி மாற்றுகளுக்கு வருகிறேன். எந்தக் கருவியையும் நான் இரண்டு கேள்விகளால் எடைபோடுவது வழக்கம். தேவைப்படும் அந்த நொடியில் அது கையில் இருக்குமா? அதைப் பயன்படுத்திய பிறகு ஓடித் தப்பிக்கச் சில விநாடிகள் கிடைக்குமா? எதிரியை வீழ்த்துமா என்ற கேள்வியை நான் கேட்பதே இல்லை, ஏனெனில் வீழ்த்த வேண்டிய கடமை காவலருக்கு உண்டு, உங்கள் மகளுக்கு இல்லை.

முதல் கேள்வியின் கனம் புரிய, சென்ற ஆண்டு ஒரு சமூக மன்றத்தில் நடந்த வகுப்பைச் சொல்கிறேன். பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கை சுத்திகரிப்பான் அடங்கிய சிறு குப்பி ஒன்றைக் கொடுத்து, அதைத் தெளிப்பான் என்று நினைத்துக்கொண்டு வழக்கம்போல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு ஏழு மீட்டர் தூரத்திலிருந்து ஒருவரை நோக்கி விரைந்து நடந்தேன், ஓடவில்லை, நடந்தேன். அந்த அம்மையார் பையைத் திறந்து கையை விட்டார். முதலில் டிஷ்யூ பாக்கெட் வந்தது, பிறகு கோடாலித் தைலம், பிறகு வீட்டுச் சாவிக்கொத்து. குப்பி வெளியே வருவதற்கு முன் நான் அவர் தோள்மேல் கை வைத்துவிட்டேன். பன்னிரண்டு பேரில் ஒருவராலும் நேரத்துக்குள் எடுக்க முடியவில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் காவல்துறைப் பயிற்றுநராக இருந்த டென்னிஸ் டூலர், ஒருவர் 21 அடி தூரத்தை, அதாவது ஏறக்குறைய ஆறரை மீட்டரை, ஒன்றரை விநாடியில் ஓடிக் கடந்துவிடுவார் என்று 1983-இல் எழுதினார்; பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகும் என்பதுதான் அவர் சுட்டிக்காட்டியது. இடுப்புறையில் இருக்கும் துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், கைப்பையின் அடியில் கிடக்கும் எந்தப் பொருளும் வெறும் சுமைதான்.

பெப்பர் ஸ்பிரேதான் உங்கள் மகளுக்குப் பொருத்தமான கருவி என்பது என் முடிவு. நம்மில் பலர் அதை மிளகுத் தெளிப்பான் என்று எழுதுகிறோம், பெயர் தவறு. அதில் மிளகு துளியும் இல்லை. மிளகாயிலிருந்து எடுக்கப்படும் பிசின் போன்ற எண்ணெய்ச் சாறுதான் அதன் உயிர்; காரத்தின் மூலப்பொருள் கேப்சைசின். சம்பலுக்குச் சில்லி பாடி என்ற குட்டி மிளகாயை அரிந்த கையால் தெரியாமல் கண்ணைக் கசக்கிவிட்ட அனுபவம் நம் வீடுகளில் எல்லாருக்கும் இருக்கும். அந்தச் சில்லி பாடியின் காரம் ஸ்கோவில் அளவையில் 50,000 முதல் 1,00,000 வரை. கலப்பற்ற கேப்சைசின் ஒரு கோடியே அறுபது லட்சம். முகத்தில் பட்டதும் இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்கின்றன, மூச்சு திணறுகிறது, இருமல் தொடங்குகிறது. கடும் எரிச்சல் பெரும்பாலோருக்கு முப்பது நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் வரை நீடித்துப் பின்னர் தணிகிறது. நிரந்தரக் காயம் அரிது என்பதால், ஆளைத் தவறாக எடைபோட்டுத் தெளித்துவிட்டாலும் அது ஓர் உயிரைப் பறித்த பிழையாகாது. என்றாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கடுமையான தீங்கு செய்யலாம் என்பதால் விளையாட்டுக்கு அதைத் தொடக்கூடாது.

வாங்கும்போது உறையில் அச்சிட்ட பெரிய எண்களில் மயங்க வேண்டாம். “10 விழுக்காடு”, “18 விழுக்காடு” என்று பெரிதாகப் போட்டிருப்பது சாற்றின் அளவே தவிர அதன் காரமன்று. நீர்த்த ரசத்தை அண்டா நிறைய வைத்திருப்பதால் அது காரமாகிவிடாது. உண்மையான காரத்தைக் காட்டுவது மொத்தக் கேப்சைசினாய்டுகளின் விழுக்காடு. பொதுமக்களுக்கு விற்கப்படுபவற்றில் அது பெரும்பாலும் 0.18 முதல் 1.33 வரை இருக்கும். அந்த எண்ணை அச்சிட்டிருக்கும் தயாரிப்பையே எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அது எப்படிப் பாய்கிறது என்பது. புகைபோல் விரிந்து பரவும் வகை குறி தவறினாலும் முகத்தில் படும். ஆனால் காற்று எதிரே வீசினால் தெளித்தவர் முகத்துக்கே திரும்பும், மின்தூக்கியிலோ காருக்குள்ளோ இருவருக்கும் ஒரே கதிதான். கம்பிபோல் பாயும் நீர்த்தாரை வகையும், கூழ் வகையும் காற்றில் அவ்வளவாகச் சிதறுவதில்லை. தொடக்கநிலையில் இருப்பவருக்குக் கூழ் வகையைத்தான் நான் பரிந்துரைக்கிறேன், சற்றுக் கூர்ந்து குறிபார்க்க வேண்டியிருந்தாலும். பொதுவாக மூன்று மீட்டர் தூரம்வரை எட்டும், அதாவது ஆள் நெருங்கி வரும்வரை காத்திருக்காமல், “நில்! பின்னால் போ!” என்று உரத்த குரலில் ஆங்கிலத்தில் சொல்லியும் நிற்காதவனை அந்தத் தூரத்திலேயே தடுக்க வேண்டும். ஒரு காதிலிருந்து மறு காதுவரை கண்களின் குறுக்கே ஒரு கோடு இழுப்பதுபோல் தெளித்து, நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சமும் ஆட்களும் உள்ள திசையில் ஓடி, 911-ஐ அழைக்க வேண்டும். விளைவு எப்படி இருக்கிறது என்று நின்று பார்ப்பதில்தான் பலர் கிடைத்த வாய்ப்பைத் தொலைக்கிறார்கள். குடிவெறியிலோ போதையிலோ இருப்பவரிடம் அது முழுமையாக வேலை செய்யாமலும் போகலாம்.

இதற்குப் பழக்கம் வேண்டும். வெறும் நீர் அடைத்த பயிற்சிக் குப்பிகள் அமெரிக்கக் கடைகளில் தனியே கிடைக்கின்றன. உண்மையானது ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என இரண்டு வாங்கி, முதல் வாரத்திலேயே சித்தப்பா வீட்டுத் தோட்டத்தில், சுவரில் ஒட்டிய காகிதத் தட்டைக் குறிவைத்து இருபது முறை தெளித்துப் பார்க்கட்டும். தம்பிக்குத் தன் அண்ணன் மகளுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்ற ஆசை இருக்கிறதல்லவா, அதை இதில் தீர்த்துக்கொள்ளட்டும். நூலகத்திலிருந்து வெளியே வரும்போதே குப்பி உள்ளங்கையில் இருக்க வேண்டும், கட்டைவிரல் மூடியின்மேல் இருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்ட பின்தான் அதைக் கீழே வைக்கலாம். ஹூஸ்டன் வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டு வரக்கூடாது. இத்தகைய குப்பிகளை 49 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்கக்கூடாது என்று உறையிலேயே எழுதியிருப்பார்கள், மூடிய காருக்குள் கோடையில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். தன் மேலேயே பட்டுவிட்டால் தேய்க்காமல், தொடுவில்லைகள் அணிந்திருந்தால் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் நின்று கண்களை விடாமல் சிமிட்டி, ஏராளமான குளிர்நீரால் கழுவ வேண்டும். தோலுக்குச் சோப்பு வேண்டும், ஏனெனில் அது எண்ணெய், வெறும் நீரில் கரையாது.

டெக்சஸில் தற்காப்புக்கென்று கடையில் விற்கும் சிறு தெளிப்பான் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இல்லை. ஆனால் விடுமுறையில் தோழிகளோடு வேறு மாநிலம் போகும்போது கதை மாறும். கலிஃபோர்னியாவில் இரண்டரை அவுன்ஸுக்கு மேற்பட்ட குப்பி கூடாது. நியூயார்க்கில் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ மருந்துக்கடையிலோதான் வாங்க முடியும். விமானத்தில் கைப்பையில் எங்கும் அனுமதி இல்லை. பல்கலைக்கழக விடுதிக்கென்று தனி விதி இருக்கலாம் என்பதால், அறைச் சாவியை வாங்கும் நாளிலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்டன் கன்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னதிர்ச்சி தரும் அந்தக் கருவி எதிரியின் உடலில் ஒட்ட அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். பிடிப்பதற்கு அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அந்தத் தூரத்துக்கு அவனை வரவிடாமல் இருப்பதுதான் நம் நோக்கமே. சடசடவென்று பொறி பறக்கும் சத்தம் கடைக்காரர் செய்து காட்டும்போது பிரமாதமாக இருக்கும், அவ்வளவுதான். டேசர் வேறு வகை. இரண்டு சிறு ஊசிகளைக் கம்பியோடு எய்து தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. பொதுமக்களுக்கான மாதிரிகள் நாலரை மீட்டர் தூரம்வரை எட்டி, முப்பது விநாடி ஓடும், கருவியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதற்கென்றே அந்த முப்பது விநாடி. ஆனால் இரண்டு ஊசிகளும் பட வேண்டும், தடித்த மேலாடை குறுக்கிடக்கூடாது, விலையோ சில நூறு டாலர். துப்பாக்கியைப் போன்ற வடிவத்தில் இருப்பதால் இருட்டில் பார்க்கும் காவலர் என்ன நினைப்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காவலர் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே எனக்குப் போதும்.

பூனைக் காது வடிவத்தில் விரல்களில் மாட்டிக்கொள்ளும் சாவிக்கொத்துகளை இணையத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். டெக்சஸில் 2019 செப்டம்பர்வரை அவை சட்டவிரோதம், பிறகு அனுமதித்தார்கள். அனுமதித்ததால் அவை பயனுள்ளவை ஆகிவிடவில்லை. ஓர் ஆணின் முகத்தில் குத்தும் அளவுக்கு நெருங்கிப் போகச் சொல்லும் கருவி எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. அதைவிடச் சில டாலருக்குக் கிடைக்கும் அலாரம் மேல். ஊசியை இழுத்தால் ஏறக்குறைய 120 டெசிபலில் அலறும், பொதுவாகச் சட்டம் குறுக்கிடாது, இங்கேயே வாங்கிப் பையின் தோள்பட்டையில் மாட்டி அனுப்பலாம். ஆளில்லாத இடத்தில் அதன் பயன் குறைவு, ஆனால் வாகன நிறுத்துமிடத்திலோ விடுதித் தாழ்வாரத்திலோ, கவனத்தை விரும்பாதவனை அது விரட்டும். கைப்பேசியில் பக்கப் பொத்தானை அழுத்தி அவசர அழைப்பு விடுக்கும் வசதியையும், தன் இருப்பிடத்தைச் சித்தப்பாவுடன் பகிர்ந்துகொள்ளும் வசதியையும் புறப்படுமுன் நீங்களே உடனிருந்து அமைத்துக் கொடுங்கள்.

இனி நான் எழுதப் போவது ஒரு தந்தைக்குப் படிக்கக் கடினமாக இருக்கலாம். துப்பாக்கி, ஸ்பிரே என்று பேசும்போதெல்லாம் நம் மனக்கண்ணில் வருபவன் இருட்டுச் சந்தில் நிற்கும் முகமறியாதவன். பல்கலைக்கழகப் பெண்களுக்கு நேரும் பாலியல் வன்முறையில் பெரும்பகுதியைச் செய்பவர்களோ தெரிந்தவர்கள்: ஒரே வகுப்பில் படிப்பவன், நண்பனின் நண்பன், விருந்துக்குப் பின் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்பவன். அவனிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்ணின் கையும் தெளிப்பானை நோக்கிப் போகாது, பிஸ்டலை நோக்கியும் போகாது. தயக்கம்தான் அங்கே முதல் எதிரி. “தப்பாக நினைத்துவிடுவானோ”, “பெரிதுபடுத்துகிறேனோ” என்ற அந்தத் தயக்கத்தை நம் வீடுகளில் நல்ல பெண்ணின் இலக்கணம் என்று நாமே ஊட்டி வளர்த்திருக்கிறோம்.

இதற்கென்றே கனடாவில் உளவியல் பேராசிரியர் சார்லீன் சென் 12 மணி நேரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் அது சோதிக்கப்பட்டு, 2015-இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானோர் 5.2 விழுக்காடு, துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 விழுக்காடு. தெரிந்த ஒருவனிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை இனம்காணுதல், இது ஆபத்து என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ளுதல், பிறகு கத்துவது முதல் அடிப்பதுவரை தயங்காமல் செயல்படுதல் என்று அந்த வகுப்பு நடத்தப்படுகிறது. இந்த வரிசையில் நடுவில் இருப்பது, தனக்குத்தானே ஒப்புக்கொள்வது, மற்ற இரண்டையும்விடக் கடினம். நான் அறிந்தவரை தற்காப்புக் கடைகளில் விற்கும் எந்தப் பொருளும் இப்படிச் சோதித்துப் பார்க்கப்பட்டதில்லை. இத்தகைய வகுப்புகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் வளாகக் காவல் பிரிவின் மூலமோ மாணவர் நலப் பிரிவின் மூலமோ நடத்துகின்றன. சேர்ந்த முதல் பருவத்திலேயே அதற்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கோயிலில் சிலம்பம் பழகிய பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பை எடுத்துக்கொண்டு நடமாட முடியாது என்றாலும், எதிரில் நிற்பவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதைக் கால் அறிந்திருக்கும்.

சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகளிடம் எனக்குக் கவலை தரும் ஒரு பழக்கமும் உண்டு. உணவங்காடியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம்பிடித்துவிட்டுப் போவதும், நூலக மேசையில் மடிக்கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போவதும், இரவு இரண்டு மணிக்குக் காதில் பாட்டு ஒலிக்கப் பரோட்டாக் கடைக்கு நடந்து போவதும் நமக்கு இயல்பு. அந்த இயல்பு நம் ஊர் தந்த கொடை. விமானம் ஏறும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். இரவில் நடக்கும்போது ஒரு காதாவது திறந்திருக்கட்டும். வளாகத்தில் இரவு நேரத் துணை அனுப்பும் சேவை இருந்தால் கூச்சப்படாமல் கூப்பிடட்டும். பையைப் பறிக்க வந்தால் பையைக் கொடுத்துவிடட்டும். வாடகை வீடு தேடும்போது ஐம்பது டாலர் அதிகமானாலும் வெளிச்சமான நுழைவாயிலும் உறுதியான தாழ்ப்பாளும் உள்ள வீட்டை எடுங்கள்; அது டேசரைவிட மேல்.

மூன்றாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. பெப்பர் ஸ்பிரேயை இங்கே இணையத்தில் வாங்க முயல வேண்டாம், திரும்பி வரும்போது கொண்டுவரவும் வேண்டாம். தீங்கான வாயுவையோ திரவத்தையோ தெளிக்கும் கருவிகள் நம் நாட்டில் ஆயுதக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை; காவல்துறையின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. ஸ்டன் கன், டேசர், விரல்களில் மாட்டும் இரும்பு வளையம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். பொது இடத்தில் தக்க காரணமின்றித் தாக்கும் ஆயுதம் ஒன்றைக் கொண்டு சென்றாலே மூன்றாண்டு வரை சிறையும், ஆண்களுக்குப் பிரம்படியும் விதிக்கப்படலாம். “தற்காப்புக்காக வைத்திருந்தேன்” என்ற பதில் அங்கே எடுபடும் என்று நம்பிவிடக் கூடாது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் நம்மைக் காத்துக்கொள்ளும் உரிமையை நமக்கு உறுதியாகத் தருகின்றன. ஆனால் சூழ்நிலைக்கு நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்றும், காவல்துறையின் உதவியை நாட நேரமிருந்தால் அதையே நாட வேண்டும் என்றும் 98-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. விடுமுறையில் இங்கே இருக்கும்போது அவளுக்கு அலாரமும் காவல்துறையின் 999 என்ற அவசர எண்ணும் போதும். பேச முடியாத சூழலில் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

ஆகவே ஒவ்வொரு முறை ஹூஸ்டனிலிருந்து புறப்படும்போதும், பெட்டி கட்டும் இரவில், கைப்பை, முதுகுப்பை, மேலாடைப் பைகள், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டிப் பார்த்து, குப்பியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சித்தப்பா வீட்டு மேசையில் கிடக்கும் வெற்றுத் தோட்டா உறை அழகாக இருக்கிறதென்று நினைவுப்பொருளாக எடுத்து வந்துவிடவும் வேண்டாம், சாங்கி விமான நிலையத்தில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். திரும்பிப் போனதும் குப்பியின் அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்கட்டும். உள்ளிருக்கும் அழுத்தம் நாளடைவில் குறைந்துவிடும் என்பதால், இரண்டாண்டுப் படிப்பில் ஒருமுறையாவது அதை மாற்ற வேண்டியிருக்கலாம்.